நாற்பத்தோரு சுற்று

நான் ஸ்டாப்வாட்சோடு நாலாவது லைனுக்குள் நுழையும்போதெல்லாம் தேவம்மாக்கா தலையைத் தூக்காமல் கேட்பார், "மோரு வேணுமாடி யாருக்காச்சும்?"

"ஊத்துங்கக்கா" என்று எங்கிருந்தாவது பதில் வரும். அதன் பிறகு லைனில் கைகள் மாறும். காலரைச் சட்டையோடு சேர்ப்பதற்கு முன் ஒருமுறை நீவுவார்கள். திருப்பிப் பார்ப்பார்கள். மறுபடி நீவுவார்கள். கத்திரியை எடுத்து நூலை வெட்டி, எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைப்பார்கள். எல்லாமே வேலைக்குத் தேவையான அசைவுகள் மாதிரிதான் இருக்கும். தயிரில் தண்ணீர் கலப்பதுபோல வேலையில் நேரம் கலப்பது. லைனில் அதற்கு மோர் என்று பெயர்.

நான் பத்துச் சுற்று அளப்பேன். ஒரு காலரைக் கை தொட்டதிலிருந்து அடுத்த காலரைத் தொடும்வரை ஒரு சுற்று. பத்தின் சராசரியோடு களைப்புக்காகப் பதினைந்து சதவீதம் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்து, மணிக்கு எத்தனை சட்டை என்று மேனேஜர் சந்தோஷ்குமார் சார் போர்டில் எழுதுவார். காலர் போகிற வேகத்தில்தான் லைன் முழுவதும் போகும். நாலாவது லைனுக்கு எழுபது.

அந்த லைனில் காலர் தைப்பது என் அம்மா.

இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்தவுடன் இந்த வேலை கிடைத்தது. ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிருக்காது, அளந்தால் போதும் என்று நினைத்துத்தான் வந்தேன். மோர் என்றால் என்னவென்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் வீட்டில் அதைப்பற்றிப் பேசியதில்லை. நான் பார்த்ததை அளந்தேன். அளந்ததை எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த மோரில்தான் லைன் பாத்ரூம் போய்வந்தது. வாட்ச் இல்லாத நேரத்தில் அம்மா வேகமாகத் தைத்து ஏழெட்டுச் சட்டைகளை முன்கூட்டியே தள்ளிவைப்பார். கடைசி மேசையில் தொங்கும் நூல்களை வெட்டுகிற தமிழ்ப்ரியாவுக்கு ஆறாவது மாதம். ஒரு ஷிப்டில் ஐந்தாறு தடவை எழுந்து போவாள். அவள் போனால் பக்கத்து மெஷின் தேவம்மாக்கா திரும்பி அவளுடைய குவியலை வெட்டிவைப்பார். சூப்பர்வைசர் பார்க்கும்போது குவியல் இருக்காது. யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஜனவரியில் டான்ஸ் வந்தது.

சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கம்பெனிக்குத் தொழிலாளர் நலன் என்று ஏதோ காட்ட வேண்டியிருந்தது. பெங்களூரிலிருந்து ரூபா என்பவரை அழைத்துவந்தார்கள். நவீன நடனம். ஆறு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்தபின், கேன்டீனில். ஆறாவது சனிக்கிழமை விருந்தாளிகள் முன்னால் நிகழ்ச்சி. ஹெச்.ஆர். நாலாவது லைனிலிருந்து பன்னிரண்டு பேரை எழுதிக் கொடுத்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. எனக்கு வருகைப்பதிவு எடுக்கிற வேலை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கிற வேலையும்.

ரூபா மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். குட்டையான முடி, வெறுங்கால். கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். "உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. தினமும் எட்டு மணி நேரம் உங்கள் கை ஆடுகிறது. அதை மெஷின் இல்லாமல் ஆடிக் காட்டுங்கள்."

நான் தமிழில் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"பாட்டு?" என்றார் தேவம்மாக்கா.

"பாட்டு கிடையாது."

"பாட்டில்லாம டான்ஸா? உப்பில்லாம சாறா?" தேவம்மாக்கா என்னைப் பார்த்தார். "பாப்பா, இந்தம்மாகிட்டச் சொல்லு. மலைக்கோயிலுக்குப் போனா அங்க கம்சாளெத் தாளம் தட்டி ஆடறதை நின்னு பாக்கற ஆளு நானு. ஆடற ஆளு இல்ல."

நான் அதில் பாதியைத்தான் சொன்னேன். ரூபா மேடம் முழுவதும் புரிந்தமாதிரி சிரித்தார்.

அரை மணி கழித்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். காற்றில் காலரை எடுத்தார்கள். நீவினார்கள். திருப்பிப் பார்த்தார்கள். மறுபடி நீவினார்கள். கத்திரியை எடுத்து, வெட்டி, எடுத்த இடத்தில் வைத்தார்கள்.

நான் வருகைப்பதிவோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். வாட்ச் அறையில் இருந்தது. ஆனாலும் நான் நின்றதால் அவர்கள் மோர் ஆடினார்கள்.

ரூபா மேடம் பன்னிரண்டு பேரையும் சுற்றிவந்து பார்த்தார். அம்மா முன்னால் நின்றார்.

"சுள்ளு" என்றார்.

பொய். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தக் கைக்குத் தான் செய்வதில் நம்பிக்கை இல்லை. யாரும் பார்க்காதபோது எப்படிச் செய்வீர்கள்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இப்படித்தானுங்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் ரூபா மேடம் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த இரண்டு வாரமும் அப்படியே போனது. ஆனால் அந்தப் பெண்கள் வருவதற்குச் சங்கடப்படவில்லை என்பதைக் கவனித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தார்கள். ரூபா மேடம் அவர்களுடைய தோள்களைத் தரையோடு அழுத்தி, மூச்சை விடச் சொன்னார். தேவம்மாக்கா தூங்கிப்போய்க் குறட்டைவிட்டார். யாரோ "மெஷின் ஓடுது, கரண்ட்ட நிறுத்துங்கடி" என்றார்கள். தமிழ்ப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொழிற்சாலைக்குள் அவர்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்.

இடது கை அடுத்த காலரை எடுக்கும்போதே வலது கை முதல் காலரை முடித்துக்கொண்டிருந்தது. நீவவில்லை. திருப்பிப் பார்க்கவில்லை. நூலை வெட்டவும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நூல் அறாமல் ஐந்து காலர் வரிசையாகப் போனது. பிறகு ஒரே வீச்சில் கத்திரி ஐந்தையும் பிரித்தது. உடம்பு முழுவதும் இடமிருந்து வலமாகச் சாய்ந்து திரும்பியது. வலது பாதம் இல்லாத பெடலை அழுத்தி விட்டது. தேவம்மாக்கா அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கைப்பட்டியைத் தைத்தார். இன்னொருவர் பொத்தான். கடைசியில் தமிழ்ப்ரியாவின் விரல்கள் நூல்களைக் கொத்திக்கொண்டிருந்தன. கேன்டீனில் பன்னிரண்டு பேருடைய பாதமும் ஒன்றாகத் தரையில் பட்டது. அது ஒன்றுதான் சத்தம்.

அம்மாவை நான் எத்தனையோ முறை அளந்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

ரூபா மேடம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு அழகான கை" என்றார். அம்மா கையை உருவிக்கொண்டு புடவையில் துடைத்தார். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வழியெல்லாம் அந்தக் கைகளை மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ரூபா மேடம் அந்த வீடியோவை அன்றைக்கே ஹெச்.ஆர். குரூப்பில் போட்டார். எப்படி முன்னேறியிருக்கிறார்கள் என்று காட்டத்தான்.

திங்கட்கிழமை சந்தோஷ்குமார் சார் கூப்பிட்டார். அவருடைய அறைக்குக் கண்ணாடிச் சுவர். உட்கார்ந்தபடியே எல்லா லைனையும் பார்க்கலாம். போனை மேசைமேல் சாய்த்துவைத்திருந்தார்.

"உக்காரு தாரணி. இதப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எண்ணினியா?"

எண்ணியிருந்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போதே எண்ணிவிட்டேன். அது பழக்கம். "இல்ல சார்" என்றேன்.

"முப்பத்திரண்டரை செகண்ட். நீ எழுதிக் கொடுத்தது நாப்பத்தி நாலே முக்கால்." அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். "நூல வெட்டாம கோத்துக்கிட்டே போறாங்க பாரு. அஞ்சு காலருக்கு ஒரு வெட்டு. இத யார் சொல்லிக்குடுத்தா உங்கம்மாவுக்கு? பிரமாதம்."

"கைல துணி இல்ல சார். மெஷினும் இல்ல."

"மெஷின் வேகம் எனக்குத் தெரியும். கை வேகம்தான் தெரியாம இருந்துச்சு." ஒரு தாளில் எழுதி என் பக்கம் திருப்பினார். தொண்ணூற்றாறு. "லைன்ல போய் அளந்தா மறுபடி கை மாறிடும். மேடையில மாறாது. அந்த மேடம் விடமாட்டாங்க. சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு முன்வரிசையில உக்காரு. நீயே அள."

"நானா சார்?"

"நீதான். அவங்க பொண்ணே அளந்ததுன்னா நாளைக்கு யாரும் தகராறு பண்ண முடியாது. உனக்கும் டிரெய்னிங் முடியற நேரம். யோசிச்சுக்கோ."

கண்ணாடிக்கு வெளியே தமிழ்ப்ரியா எழுந்து பாத்ரூம் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தேவம்மாக்கா பாதி திரும்பி அவளுடைய குவியலைத் தன் பக்கம் இழுத்தார். தொண்ணூற்றாறில் அப்படித் திரும்ப முடியாது. நான் மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சட்டைக்கு முப்பத்தேழரை செகண்ட். மூச்சுவிடலாம். எழுந்திருக்க முடியாது.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். மண்டி மொஹல்லாவில் மிளகாய்க் கடைக்கு மேல் எங்கள் வீடு. பக்கத்துப் போர்ஷன் தேவம்மாக்கா. அம்மா அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் சொல்லிமுடிக்கும்வரை அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நானே கெடுத்துப்போட்டேன்" என்றார்.

"உனக்கென்னடி" என்றார் தேவம்மாக்கா. "கை அழகா இருக்குதுன்னு அந்தம்மா சொன்னதும் மயங்கிப் போயிட்ட."

"அவ சொன்னது பொறவு. ஆடறப்பவே மயங்கிட்டேன்." அம்மா கத்தியை வைத்தார். "இருவத்திரண்டு வருசமா தைக்கறேன். என்ற கை இப்படிப் போகும்னு எனக்கே தெரியாதுக்கா. துணி இல்லாதப்பதான் தெரிஞ்சுது."

கீழே ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். தேவம்மாக்கா ஜன்னலைச் சாத்தினார். மிளகாய் நெடி உள்ளேயே நின்றது.

"சனிக்கெழமை மோராட்டமே ஆடிப்போடலாம்" என்றார். "என்ன பண்ணிருவான்?"

"வீடியோ அவர்கிட்ட இருக்குக்கா" என்றேன். "ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, இத்தன நாளும் கலந்தது தெரிஞ்சிரும்."

"அப்பச் சொகமில்லன்னு வராம இருந்துக்கலாம். பன்னெண்டு பேருக்கும் பேதி."

"பேனர்ல பேரு போட்டாச்சு. வராதவங்க எழுதிக் கொடுக்கணுமாம்."

"அதுக்கும் பேதி வந்த கையோட எழுதோணுமா!"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். "நீ என்ன பண்ணுவ கண்ணு?"

"அளக்கச் சொல்லியிருக்காரு."

"அளந்துதான் ஆகோணும்" என்றார் அம்மா. கேள்வியாகவும் இல்லை, அனுமதியாகவும் இல்லை. "வேலையை விட்டுடாத."

பிறகு நான் கேட்டேன், "அந்த வேகத்துல எவ்வளவு நேரம் தெக்க முடியும்மா?"

"ஆட்டமே எட்டு நிமிசம்தான?"

"ஆட்டம் இல்ல. வேல."

அம்மா விரல்களை மடக்கி நீட்டினார். "கால் மணி தாங்கும். அரை மணில தோள்பட்டை எறங்கிரும்."

"அப்ப அரை மணி ஆடுங்க."

தேவம்மாக்கா என்னை வெறித்துப் பார்த்தார். "பாப்பா, உன்ற காலேஜ்ல கொலை பண்றதுக்கும் பாடம் எடுத்தாங்களா?"

"எட்டு நிமிசம் ஆடினா எட்டு நிமிசக் கணக்குத்தான் வரும்" என்றேன். "அரை மணி ஆடினா களைப்பும் கணக்குக்குள்ள வந்துரும். நான் எல்லாச் சுற்றையும் அளப்பேன். ஒண்ணுவிடாம எழுதுவேன். பையரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

இவ்வளவு நீளமாக நான் அவர்கள் முன்னால் பேசியதில்லை. பேசி முடித்ததும் காது சுட்டது.

"யாரு கை தட்டினாலும் நிறுத்தக் கூடாதா?" என்றார் அம்மா.

"கூடாது."

தேவம்மாக்கா பெருமூச்சுவிட்டு எழுந்தார். "நாளையிலிருந்து ரெண்டு ராகி உருண்டை சேத்துத் திங்கோணும்."

ரூபா மேடத்திடம் சொல்லாமல் முடியாது. வெள்ளிக்கிழமை மேடை போடுவதைப் பார்க்க வந்திருந்தார். அம்மா தமிழில் சொல்ல, நான் கன்னடத்தில் சொன்னேன். வீடியோவைப் பற்றிச் சொன்னபோது அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "உண்மையாக ஆடுங்கள் என்று சொன்னேன். உண்மையால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை."

அம்மா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. காத்திருந்தார்.

"நிகழ்ச்சியை நிறுத்த என்னால் முடியாது" என்றார் ரூபா மேடம். "ஒன்று செய்யலாம். முடிந்தது என்று நான்தான் கை தட்டிக் காட்ட வேண்டும். நான் தட்டமாட்டேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பித்தது. கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பையர் கம்பெனியின் இரண்டு பேர், நடுவில் அவர்களுடைய மேடம், நரைமுடிக்காரப் பெண்மணி. அந்தப் பக்கம் ஹெச்.ஆர். அதிகாரி. கோடியில் நான். என் பக்கத்தில் சந்தோஷ்குமார் சார்.

அம்மா கண்ணை மூடினார். நான் பட்டனை அழுத்தினேன்.

முப்பத்திரண்டு. முப்பத்திரண்டரை. முப்பத்திமூன்று. முப்பத்திரண்டு. என் கை தானாக எழுதியது. பார்வையாளர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். பன்னிரண்டு பாதங்கள் விழும் சத்தம் நாற்காலியின் காலில் ஏறி என் முதுகுக்கு வந்தது. பத்தாவது சுற்று முடிந்ததும் சந்தோஷ்குமார் சார் என் தாளை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

எட்டு நிமிடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. கைதட்டல் குழம்பி நின்றது. ஹெச்.ஆர். ரூபா மேடத்தைப் பார்த்தார். ரூபா மேடம் சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அம்மாவின் முகத்தில் வியர்வை. ஒரு சுற்று நாற்பது செகண்டைத் தொட்டது. பதினான்காவது நிமிடத்தில் தமிழ்ப்ரியா உட்கார்ந்தாள். மயங்கி விழவில்லை, ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் சட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் குவிவது தெரிந்தது. தேவம்மாக்கா தன் வேலையைச் செய்துகொண்டே உடம்பை முறுக்கித் திரும்பி அவளுடைய நூலையும் வெட்டினார். அவருடைய சுற்று தவறியது. அவருக்குப் பின்னால் இருந்தவருக்கும் தவறியது. பாதங்கள் ஒன்றாக விழாமல் மழைத்துளி மாதிரிச் சிதறி விழுந்தன.

ஹெச்.ஆர். எழுந்து பலமாகக் கைதட்டினார். நரைமுடிப் பெண்மணி அவருடைய கையைத் தொட்டு உட்காரச் சொன்னார்.

நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு. அம்மா கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். வலது தோள் இறங்கிவிட்டது. காலரை எடுக்கும் கை மேலே வர மறுத்தது. அதை இடுப்பாலும் முழங்காலாலும் தூக்கினார். எனக்கு நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. நான்தான் ஆடச் சொன்னேன். நான் அளந்துகொண்டிருந்தேன்.

நாற்பத்தோராவது சுற்று அறுபத்தோரு செகண்ட். அது முடிந்ததும் அம்மா கைகளைக் கீழே விட்டார். அடுத்த காலரைத் தொடவில்லை. முப்பது நிமிடம், நாற்பத்தைந்து செகண்ட்.

யாரும் கைதட்டவில்லை. பிறகு நரைமுடிப் பெண்மணி எழுந்து மேடைக்குப் போய்த் தமிழ்ப்ரியாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். தமிழ்ப்ரியாவுக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்க நான் எழுந்தேன். சந்தோஷ்குமார் சார், "தாளோட என் ரூமுக்கு வா" என்றார்.

போகும் வழியிலேயே கூட்டிப் பார்த்திருந்தேன். நாற்பத்தோரு சுற்றின் சராசரி நாற்பத்தைந்து செகண்ட். களைப்புக்குப் பதினைந்து சதவீதம் சேர்த்தால் மணிக்கு எழுபது வந்தது. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எழுபதுதான்.

மோர் கலந்த அதே எழுபது. நாளெல்லாம் தைக்கிற கைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று லைனுக்குத் தெரிந்திருந்தது. என்னைவிடத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. படிக்கட்டில் நான் கிட்டத்தட்ட ஓடினேன்.

சந்தோஷ்குமார் சார் தாளை வாங்கி முதல் பத்துச் சுற்றுக்குக் கீழே கோடு போட்டார்.

"பையர் மேடம் முழுசும் பாத்தாங்க சார்" என்றேன். "நீங்க பத்து எடுத்தா, அவங்க நாப்பத்தொண்ணும் கேப்பாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோட்டை அடித்துவிட்டார். முழுவதையும் வரிசையாகப் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. கணக்கில் பொய் எழுதமாட்டார்.

"சரி. நாப்பத்தஞ்சு" என்றார். "நல்லா அளந்திருக்க. ஆனா இந்தப் பதினஞ்சு எதுக்கு?"

"களைப்புக்கு சார்."

"களைப்பு தெரியணும்னுதான அரை மணி ஆடினாங்க? இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்சு நடந்ததுன்னு எனக்குத் தெரியாதா?" சிவப்புப் பேனாவை எடுத்தார். "அந்தக் களைப்பு இந்த நாப்பத்தஞ்சுக்குள்ளயே இருக்கு. உள்ள இருக்கறத மறுபடி எப்படிச் சேப்ப?"

பதினைந்தின் மேல் ஒரு கோடு போட்டார். மூவாயிரத்தறுநூறை நாற்பத்தைந்தால் வகுத்தார். எண்பது.

"தொண்ணூத்தாறு எழுதணும்னு இருந்தேன்" என்றார். "நீ அளந்ததால எம்பது. கையெழுத்துப் போடு."

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். களைப்பும் கணக்குக்குள் வந்துவிடும் என்று சொன்னது நான்தான். கையெழுத்துப் போட்டேன்.

அரை மணி நேரக் களைப்பு வேறு, எட்டு மணி நேரக் களைப்பு வேறு. இந்தப் பதில் எனக்கு பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அப்போது மணி ஆறரை. அம்மா பக்கத்துச் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை மடியிலிருந்து நழுவி ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா, "எம்பதா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஓட்டிக்கலாம்." தேவம்மாக்கா எழுந்து தன் வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை போர்டில் எண்பது இருந்தது. முதல் வாரம் புது டார்கெட்டைச் சரிபார்க்க நான் லைனில் நிற்க வேண்டும். வாட்சோடு உள்ளே நுழைந்தேன். யாரும் மோர் வேணுமா என்று கேட்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நூலை வெட்டாமல் ஐந்து ஐந்தாகப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய மேசையில் முன்கூட்டித் தள்ளிவைத்த சட்டை ஒன்றுகூட இல்லை.

பதினொன்றரைக்குத் தமிழ்ப்ரியா பாதி எழுந்தாள். தேவம்மாக்காவைப் பார்த்தாள். தேவம்மாக்கா தன் கைப்பட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவருடையது குவியும். தமிழ்ப்ரியா மறுபடி உட்கார்ந்தாள். முழங்கால்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

நான் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் போனேன். "நீ போய்ட்டு வா" என்றேன். அவள் என்னையும் நாற்காலியையும் பார்த்தாள். பிறகு வேகமாகப் போய்விட்டாள். நான் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து கத்திரியை எடுத்தேன். முதல் சட்டையில் நூல் எங்கே தொங்குகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நிமிடம் ஆயிற்று.

"வேண்டாம்" என்றார் தேவம்மாக்கா. கை நிற்காமல், தலை திரும்பாமல் சொன்னார். "எந்திரிங்க மேடம். பீஸ் வெட்டுப்பட்டுரும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவருடைய முதுகு இடமிருந்து வலமாகச் சாய்ந்து திரும்பியது. மறுபடி சாய்ந்து திரும்பியது. அவருக்குக் கேட்டிருக்கும்.

கத்திரியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சந்தோஷ்குமார் சார் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். லைனின் ஓரத்தில், எனக்கு ஒதுக்கிய இடத்தில் போய் நின்றேன்.

தமிழ்ப்ரியா திரும்பிவர நான்கு நிமிடம் ஆயிற்று. அவளுடைய மேசையில் சட்டைகள் குவிவதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். எண்ணாமல் இருக்க முயன்றேன்.

ஐந்து.